கேனிங் லோக்கல்

சியால்டாவிலிருந்து தெற்கே 45 கிலோமீட்டர். டிக்கெட் இருபது ரூபாய்க்கும் குறைவு. மின்சார லோக்கல் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டு போய் விட்டுவிடும். அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. சற்று நடந்தால் மாதலா நதி, அதைத் தாண்டினால் சுந்தரவனத்துத் தீவுகள்.

கொல்கத்தாவுக்கு வரும் தமிழர்கள் காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், விக்டோரியா நினைவு மண்டபம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். புலி பார்க்கக் கிளம்புகிறவர்கள்கூட வாடகைக் காரில் பாசந்தி சாலை வழியாகப் போய் கோட்காலியில் படகு ஏறிவிடுகிறார்கள். கேனிங் ரயில் நிலையத்தைப் பார்ப்பதற்கென்று யாரும் போவதில்லை. நான் அதற்காகவே போனேன். கப்பலை நம்பிப் போட்ட பாதை அது. ஆனால் அந்தக் கப்பல்கள் நிலைக்கவில்லை. போட்ட ஐந்தே வருடத்தில் புயல் அந்த நிலையத்தைத் தரைமட்டமாக்கியது. ஆனாலும் 160 ஆண்டுகள் கழித்து இன்றைக்கும் அங்கே வண்டிக்கு உள்ளே கால் வைக்க இடம் கிடையாது. இது எப்படி நடந்தது என்பதைத் தனுஷ்கோடியைப் பார்த்து வளர்ந்த ஒரு தமிழ் மனம் விசாரிக்காமல் இருக்க முடியாது.

நான் தங்கியிருந்தது லேக் மார்க்கெட் பக்கத்தில் உறவினர் வீட்டில். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காபிப் பொடியும் தெருமுனையிலேயே கிடைக்கும். அங்கே விடியற்காலையில் கதவைத் தட்டும் பெண்களில் பலர் கேனிங் லோக்கலில் வருகிறவர்கள். பாலிகஞ்ச் நிலையத்துப் படிக்கட்டில் காலை ஐந்தரைக்கு நின்றால் தெரியும். வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பேச்சைக்கூட நிறுத்தாமல் படியேறும் நூற்றுக்கணக்கான பெண்கள். கரியாஹாட், டாக்குரியா, ஜாதவ்பூர் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதும் சமைப்பதும் முதியவர்களைக் குளிப்பாட்டுவதும் இவர்கள் கைகள்தான். தென் கொல்கத்தாவில் எந்த வீட்டில் கேட்டாலும் "இன்னைக்கு கேனிங் லைன்ல கோளாறாம், மாஷி வரல" என்ற புலம்பலைக் கேட்கலாம். ஒரு ரயில் பாதை நகரத்து அடுப்பங்கரையோடு இவ்வளவு நேரடியாகக் கட்டப்பட்டிருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காலை வேலை முடித்து அவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து, மதிய வண்டியில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. அதற்குள் ஒருவர் நகர்ந்து அரை இருக்கை தந்தார். வெள்ளரிக்காய் கீறி மசாலா தூவி விற்கும் பையன், வளையல் தட்டு, ஜால்முரி (காரப்பொரி) டப்பா, தலைவலித் தைலம். ஆள் நுழைய வழியில்லாத இடத்தில் வியாபாரம் மட்டும் எப்படியோ நுழைந்துவிடுகிறது. பக்கத்துப் பெட்டி வெண்டர் பெட்டி. விடியற்காலையில் மீனும் காய்கறியும் ஏற்றிப் போன கூடைகள் இப்போது காலியாக, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கப்பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன.

இடம் தந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "மாஷி" (சித்தி) என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை "தீதி" (அக்கா) என்றார். என்னுடைய வங்காளம் அரைகுறை. எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் முகம் மலர்ந்தது. "நான் வேலை செய்யற நாலு வீட்டுல ஒண்ணு உங்க ஆளுங்க வீடுதான் தீதி. இட்லி மாவு நான்தான் அரைப்பேன். உளுந்து எவ்வளவு ஊறணும்னு அந்த வீட்டு மருமகளுக்கு இப்ப நான் சொல்லித் தர்றேன்." பிறகு இன்னொன்றும் சொன்னார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம். "உங்க ஊருக்குப் பக்கமா?" என்றார். ஒரு ராத்திரிப் பயணம் என்றேன். "அப்ப பக்கம்தான்" என்றார். இரண்டு ராத்திரிப் பயணத்துக்கு அப்பால் பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அது பக்கம்தான்.

ஜாதவ்பூர், கரியா தாண்டியதும் அடுக்குமாடிகள் குறைகின்றன. சோனார்பூரில் பாதை பிரிகிறது. ஒரு கை பாருய்பூர் வழியாக டயமண்ட் ஹார்பருக்கு, மறு கை கேனிங்குக்கு. அங்கிருந்து நிலம் தாழ்ந்துகொண்டே போவது கண்ணுக்கே தெரியும். வயலும் குளமும் மாறி மாறி வருகின்றன. வீடுகள் மேடு கட்டி அதன்மேல் நிற்கின்றன. சம்பாஹாட்டி பட்டாசுக்குப் பேர் போன ஊர். வங்காளத்துச் சிவகாசி என்று நம்மவர் சொல்லலாம். 1862இல் இந்தப் பாதை முதலில் திறக்கப்பட்டது அதுவரைதான். பிறகு கேனிங் வரை நீட்டினார்கள். பியாலி ஆற்றைக் கடந்து குட்டியாரி ஷரீப் வந்தபோது பெட்டியில் சில பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். காஜி பீர் முபாரக் அடக்கமான தர்கா அங்கே இருக்கிறது. காட்டுக்குள் தேன் எடுக்கவும் நண்டு பிடிக்கவும் போகிறவர்கள் பொன்பீபி அம்மனையும் இந்த காஜியையும் சேர்த்தே வேண்டிக்கொள்வார்கள். புலிக்கு முன்னால் இந்து, முஸ்லிம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. நம்மூர் நாகூரில் நடப்பதை நினைத்துக்கொண்டேன்.

தால்தியில் பாதிப் பெட்டி காலியானது. கடைசி நிறுத்தம் கேனிங்.

கதையின் தொடக்கம் ரயில் அல்ல, ஹூக்ளி நதியைப் பற்றிய ஒரு பயம். 1850களில் கல்கத்தாதான் பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம், பெரும் துறைமுகம். ஆனால் கடலிலிருந்து கல்கத்தா வரை கப்பலை ஏற்றிக் கொண்டுவருவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ரூப்நாராயண் நதி கலக்கும் இடத்துக்கு அருகே 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்ற மணல்திட்டு. தட்டிய கப்பல் புரண்டு, கண் மூடித் திறப்பதற்குள் மணலுக்குள் போய்விடும். வண்டல் ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் கொஞ்ச காலத்தில் ஹூக்ளி அடைபட்டுவிடும் என்று வணிகர்கள் நம்பினார்கள். 1853இல் வங்க வர்த்தக சபை அரசுக்கு எழுதியது. கல்கத்தாவுக்குத் தென்கிழக்கே மாதலா என்றொரு நதி இருக்கிறது. ஆழம் அதிகம், அகலம் அதிகம், கடலுக்கு நேர்வழி. அங்கே மாற்றுத் துறைமுகம் கட்டி, கல்கத்தாவோடு ரயிலால் இணைத்துவிட்டால் போதும் என்பது யோசனை. டல்ஹவுசி பிரபுவின் அரசு ஒப்புக்கொண்டது. சுந்தரவனத்தில் 'லாட் 54' என்று குறிக்கப்பட்டிருந்த நிலத்தை, பெரும்பகுதி காடாக இருந்ததை, வாங்கினார்கள்.

அதே வருடம் ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதினார். ஹென்றி பிடிங்டன். மாலுமியாக இருந்து கல்கத்தாவில் கரையேறியவர். கடல்சார் வழக்குகளை விசாரிக்கும் மன்றத்தில் தலைமைப் பொறுப்பு வகித்தார். புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் குறிப்பேடுகளைச் சேகரித்து, எந்த நேரத்தில் காற்று எந்தத் திசையில் அடித்தது என்று ஒன்றோடொன்று பொருத்தி, வங்கக் கடலின் புயல்கள் சுழன்று நகர்வதை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். இன்று உலகமே 'சைக்ளோன்' என்று சொல்கிறதே, அந்தப் பெயரை இட்டவர் அவர்தான். டல்ஹவுசிக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தின் சாரம் இது: மாதலாக் கரையில் ஊர் கட்டினால், ஒருநாள் புயலோடு சேர்ந்து உப்புநீர் மலைபோல் உருண்டு வரும், பல அடி உயரத்துக்கு ஊரே மூழ்கும், இதற்கு ஆயத்தமாகவே இருக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பது வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். வங்கக் கடல் வடக்கே போகப் போகக் குறுகும், ஆழமும் குறையும். புயற்காற்று தள்ளிக்கொண்டு வரும் நீருக்குப் பரவ இடமில்லாமல் மேலே எழும்பும். மாதலா கடலுக்கு நேரே வாயைத் திறந்து வைத்திருக்கும் முகத்துவாரம். கப்பல் சுலபமாக உள்ளே வரும் வழி எதுவோ, புயல் அலைக்கும் அதுவே வழி. வணிகர்கள் எந்தக் குணத்தை மெச்சினார்களோ அதே குணத்தைக் காட்டித்தான் பிடிங்டன் எச்சரித்தார். 1858இல் அவர் இறந்துவிட்டார். அவர் பேச்சு எடுபடவில்லை. படித்தவர் ஒருவர், கடலைத் தெரிந்தவர், கையில் கணக்கோடு வந்து சொன்னதை ஓர் அரசு காதில் வாங்காமல் விட்டது என்பதை இத்தனை காலம் கழித்துப் படித்தாலும் மனம் ஆறவில்லை.

பாதை போட கல்கத்தா தென்கிழக்கு ரயில்வே என்றொரு கம்பெனி உருவானது. முதல் வண்டி ஓடிய 1862ஆம் வருடம்தான், யார் பெயரை ஊருக்கு வைத்தார்களோ அந்த கேனிங் பிரபு வைஸ்ராய் பதவியை முடித்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பி, ஜூன் மாதம் இறந்துபோனார். அவர் மனைவி சார்லட் அதற்கு முந்தைய வருடமே கல்கத்தாவில் காய்ச்சலில் இறந்திருந்தார். அவர் பெயரை வங்காளிகள் ஓர் இனிப்பில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 'லெடிகேனி' என்று கேட்டால் எந்த மிட்டாய்க் கடையிலும் தருவார்கள். உருட்டிப் பொரித்து, பாகில் ஊறப்போட்ட பண்டம். கேனிங் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

1865இல் துறைமுகத்தை வளர்க்கவென்று ஒரு கம்பெனி எழும்பியது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்ததால் இந்தியப் பருத்திக்கு ஏக கிராக்கி. பம்பாயில் பணம் புரண்ட காலம். போர்ட் கேனிங் பங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள், விலை பல மடங்கு ஏறியது. படகுத்துறைகள், டிராம் பாதை, அரிசி ஆலை, கிடங்குகள், ரயில்வே ஹோட்டல் எல்லாம் எழும்பின. கப்பல்கள் சில வரவும் செய்தன. ஆனால் கல்கத்தா வணிகர்கள் ஹூக்ளியை விட்டு நகரவில்லை. ஏற்கெனவே கிடங்கும் வங்கியும் ஆளும் அம்பும் இருக்கும் ஊரை விட்டுவிட்டு ஒரு சதுப்பு நிலத்துக்கு யார் போவார்கள்? பருத்திப் பணம் வடிந்ததும் பங்குகள் காகிதமாயின.

1867 நவம்பர் 1ஆம் தேதி புயல் வந்தது. வங்கப் புயல்களின் கணக்கில் அது பெரியதொன்றல்ல. மூன்று வருடம் முன்பு, 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் பேரைக் கொன்றிருந்தது. 1867இல் வந்த அலை ஆறடி உயரம்தான். ஆனால் அதற்கே நிலையக் கட்டடம் விழுந்தது. சரக்குக் கொட்டகைகள் விழுந்தன. ரயில்வே ஹோட்டல் விழுந்தது. குடிநீர்க் குளங்களில் உப்புநீர் ஏறி, தாகத்துக்குத் தண்ணீர் இல்லாத ஊராயிற்று. பிடிங்டன் எழுதிக்கொடுத்தது பதினான்கு வருடத்தில் எழுத்துக்கு எழுத்து நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கப்பல் வருகை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி, 1870களின் தொடக்கத்தில் துறைமுகத்தை அரசே கைவிட்டது. எழுத்தாளர் அமிதாவ் கோஷ் 2004இல் எழுதிய 'தி ஹங்ரி டைட்' நாவலில் இந்தக் கதை வருகிறது. அதற்குப் பிறகுதான் வங்காளத்துக்கு வெளியே பலர் பிடிங்டனைக் கேள்விப்பட்டார்கள்.

மாதலாவின் ஆழமும் நிலைக்கவில்லை. மேலிருந்து அதற்கு நன்னீர் தந்த ஆறுகள் ஒவ்வொன்றாக வற்றின. கல்கத்தாவின் கழிவுநீரைச் சுமந்த பித்யாதரி வண்டலில் தூர்ந்து, 1928இல் அரசுக் கணக்கிலேயே இறந்த ஆறாயிற்று. மேலிருந்து அடித்துச் செல்ல நீர் இல்லாதபோது, ஓதம் கொண்டுவரும் சேறு போன இடத்திலேயே படியும். அடைபட்டுவிடும் என்று அஞ்சிய ஹூக்ளியிலோ 1892இல் கிட்டர்பூர் கப்பல்துறை திறந்தது. தூர்வாரித் தூர்வாரி இன்றுவரை கப்பல் வருகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு தனுஷ்கோடி. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, ரயிலிலிருந்து இறங்கி அப்படியே கப்பலேறித் தலைமன்னார் போகலாம் என்று ஆன ஊர் அது. நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு பாசஞ்சர் வண்டி கடலுக்குள் போயிற்று. பாம்பன் பாலத்தை ஒன்றரை மாதத்துக்குள் செப்பனிட்டுவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இன்று அங்கே இடிந்த சுவர்கள்தான் மிச்சம்.

கேனிங்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். அலை கொண்டுபோகாததைக் கணக்குப் புத்தகம் கொண்டுபோயிருக்கும். சரக்கில்லாத பாதை, நஷ்டக் கம்பெனி. ஆனால் அன்று ரயில் கம்பெனிகளுக்கு அரசு வட்டி உத்தரவாதம் தந்திருந்தது. வேண்டாம் என்றால் பாதையை அரசிடம் ஒப்படைத்துவிட்டு போட்ட பணத்தை வாங்கிக்கொண்டு போகவும் ஒப்பந்தத்தில் வழி இருந்தது. 1868இல் இந்தக் கம்பெனி அதைத்தான் செய்தது. இந்தியாவில் அரசே கையில் எடுத்து நடத்திய முதல் ரயில் பாதைகளில் ஒன்றாக கேனிங் பாதை ஆனது இப்படித்தான். லாபம் எதிர்பார்த்தவர்கள் போய்விட்டார்கள், வண்டி நிற்கவில்லை.

அந்த வண்டிக்கு ஆள் சேர்ந்தது காட்டை வெட்டியதால். தனுஷ்கோடிக்கு அப்பால் கடல்தான். கேனிங்குக்கு அப்பால் நிலம் பிறந்துகொண்டிருந்தது. தீவுகளைச் சுற்றி மண்கரை எழுப்பி, உப்புநீரைத் தடுத்து, மழைநீரால் மண்ணைக் கழுவி நெல் விதைத்தார்கள். மேதினிபூரிலிருந்தும், சோட்டா நாக்பூர் பழங்குடிப் பகுதிகளிலிருந்தும், கிழக்கு வங்காளத்திலிருந்தும் குடும்பங்கள் வந்தன. 1903இல் டானியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கோசாபாப் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, கந்துவட்டிக்காரனை உள்ளே விடாமல், கூட்டுறவு முறையில் ஊர்களை அமைக்கப் பார்த்தார். 1936இல் தம் பண்ணைக்கென்று ஒரு ரூபாய் நோட்டே அச்சிட்டார். அவர் அமைத்த ஊர்களைப் பார்க்க தாகூர் 1932 டிசம்பரில் போனது இந்த ரயிலில் கேனிங் வந்து, இங்கிருந்து படகு பிடித்துத்தான். பிரிவினைக்குப் பிறகும், 1971க்குப் பிறகும் வந்த அகதிகளுக்கும் இந்த நிலையம் ஒரு வாசல். மரம், தேன், நெல், மீன் எல்லாம் கேனிங்கில் கரையேறி ரயிலேறின. 1960களின் நடுவில் மின்சார வண்டி வந்ததும் இன்னொன்று மாறியது. காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் தீவுக்கரைக்குத் திரும்பலாம் என்றாயிற்று. பண்டத்தைச் சுமந்த வண்டி ஆளைச் சுமக்க ஆரம்பித்தது.

ஜப்பானில் ஹொக்கைடோத் தீவின் சிற்றூர் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. கியூ-ஷிரதாக்கி என்ற நிலையம் 2016 மார்ச்சில் மூடியபோது உலகமே அதைப் பேசியது. அங்கே சேதமின்றி, தண்டவாளமும் நிலையமும் நன்றாக இருக்கும்போதே, ஏறுவதற்கு ஆளில்லாமல் மூடுகிறார்கள். கேனிங்கில் நேர் எதிர். கட்டடம் விழுந்தது, துறைமுகம் செத்தது, நதி தூர்ந்தது. ஆட்கள் பெருகிக்கொண்டே இருந்தார்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மீன் வாடை, டோட்டோ எனும் மின்ரிக்ஷாக்களின் கூச்சல், செல்போன் கடைகள். சற்றுத் தள்ளி நண்டு மண்டிகள். ஓர் ஆளிடம் கேட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். தரையில் சம்மணமிட்டிருந்தவரின் முன்னால் கூடை நிறைய சேற்று நண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து, கொடுக்கு இரண்டையும் மடக்கி, கயிற்றால் குறுக்கே இரண்டு சுற்று, அடியில் ஒரு முடிச்சு. என் கண் கயிற்றின் முனையைத் தேடுவதற்குள் அடுத்த நண்டு கைக்கு வந்துவிடுகிறது. பிறகு வயிற்றைத் திருப்பிப் பார்க்கிறார். பெட்டையா, சினை நிறைந்திருக்கிறதா என்று. அதற்குத் தனிக் கூடை, தனி விலை. எடைக்கு ஒரு தரம், தரத்துக்கு ஒரு கூடை. மேலே ஈரச் சாக்கு. இங்கிருந்து கொல்கத்தா போய், விமானமேறி சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நண்டு இது. உயிரோடு போனால்தான் காசு. 2020 ஜனவரியில் சீனா வாங்குவதை நிறுத்தியபோது இந்த மண்டிகள் ஸ்தம்பித்துப்போயின. இதைப் பிடிக்கிறவர் ஓடைக்குள் சிறு படகில் போய், புலி நடமாடும் கரையோரத்தில் நாள்கணக்கில் தங்குகிறார். திரும்பி வராதவர்களின் மனைவிகளை 'புலி விதவைகள்' என்று அங்கே சொல்கிறார்கள்.

கேனிங் பிரபுவின் பங்களா என்று ஊரார் காட்டும் பழைய கட்டடத்தையும் பார்த்தேன். தடித்த சுவர்கள், பெயர்ந்த காரை, அரசமரத்து வேர். பழைய துறைமுகக் காலத்தின் நினைவாக எஞ்சியிருப்பது இது போன்ற சிலதுதான். காப்பாற்ற வேண்டிய கட்டடம்.

மாதலாக் கரையில் நின்றபோது வற்றம். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, நடுவே ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். கப்பல் நின்ற நதி என்று யாராவது சொன்னால் நம்பவே மாட்டோம். 2011இல் பாலம் திறக்கும் வரை அக்கரைக்காரர்கள் வற்றத்தின்போது முழங்கால் சேற்றில் இறங்கி நடந்துதான் படகைப் பிடித்திருக்கிறார்கள். குழந்தையைத் தோளில், செருப்பைக் கையில், புடவையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு. ரயிலில் பேசிய மாஷியும் கல்யாணமாகி வந்த நாளில் அப்படித்தான் இக்கரைக்கு வந்தாராம். பட்டுப்புடவையில் சேறு பட்டுவிட்டதென்று மாமியார் கோபித்துக்கொண்டதை முப்பது வருடம் கழித்தும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

2020ஐப் பற்றிப் பேசும்போதுதான் அவர் சிரிப்பு போயிற்று. மார்ச் 22ஆம் தேதியோடு லோக்கல் வண்டிகள் நின்றன. மே 20 அன்று அம்பான் புயல். தகரக் கூரை பறந்து, குளத்தில் உப்பு ஏறி, மீன் செத்து மிதந்தது. 2009 மே மாதத்து ஐலாப் புயலில் உடைந்த கரைகளைப் பார்த்தவர்களுக்கே அது பேரதிர்ச்சி. வண்டி திரும்ப ஓடியது நவம்பர் 11. "ஒரு வீட்டுல ரெண்டு மாசச் சம்பளம் தந்தாங்க தீதி, அதுக்கு மேல அவங்களும் என்ன செய்வாங்க. மத்த வீடுங்கள்ல கூப்பிடவே இல்ல. நான் திரும்பிப் போனப்ப என் இடத்துல வேற ஆளு. பஸ்ஸு, ஷேர் ஆட்டோன்னு மாறி மாறிப் போனா போக வர ஒரு நாள் கூலி போயிடும். வண்டி இல்லன்னா எங்களுக்குக் கை இல்ல." மறு வருடம் மே முதல் அக்டோபர் வரை மீண்டும் வண்டி நின்றது. மகன் திருப்பூருக்குக் கிளம்பியது அப்போதுதான்.

2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பஹானகா பஜாரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியபோது மாஷி அன்றிரவு முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். மகன் அதில் இல்லை என்று தெரிந்தும். இறந்த 290க்கும் மேற்பட்டவர்களில் பாசந்தி, கோசாபா, கேனிங் பக்கத்து இளைஞர்கள் பலர் இருந்தார்கள். தெற்கே வேலைக்குப் போனவர்கள். அவர்களுடைய பயணம் தொடங்கியது இந்த நிலையத்தில்தான். கேனிங் லோக்கல் பிடித்து சியால்டா, அங்கிருந்து ஷாலிமார், அங்கிருந்து நம் ஊர். நம் ஓட்டல்களில் மேசை துடைக்கும், நம் கட்டடங்களுக்குக் கம்பி வளைக்கும் பையன்களை "வடக்கன்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அவர்களில் பலருக்கு வயலில் உப்பு ஏறிய வருடம் எது என்று தெரியும். கரை உடைந்த இரவு நினைவிருக்கும். கேனிங்கைப் பார்த்த பிறகு அந்தச் சொல் என் வாயில் வராது.

நிலையத்தில் எங்கு தேடியும் பிடிங்டன் பெயர் என் கண்ணில் படவில்லை. கேனிங் பிரபுவின் பெயர் மஞ்சள் பலகையில் வங்காளம், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. எச்சரித்தவருக்கும் ஒரு பலகை வைக்க வேண்டும், 1867இன் அலை எவ்வளவு உயரம் வந்தது என்ற கோட்டோடு. புயல் எச்சரிக்கை வந்தால் ஊரை விட்டு நகர மறுப்பவருக்கு அந்தக் கோடு பயன்படும். மாதலாவைத் தாண்டிப் பாசந்திப் பக்கம் பாதையை நீட்டும் திட்டம் 2009இல் அறிவிக்கப்பட்டது. அதை முடித்தால் அக்கரைப் பெண்களுக்கு விடியலில் ஒரு மணி நேரத் தூக்கம் கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால், அதிகாலை முதல் வண்டிக்கு வரும் பெண்களுக்குப் பூட்டுப்போடாத, விளக்கெரியும், தண்ணீர் வரும் கழிப்பறைகள் பாதை நெடுகிலும் ஒவ்வொரு சிறு நிலையத்திலும் வேண்டும். மாஷியிடம் வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு யோசிக்காமல் சொன்ன பதில் அதுதான்.